பம்பரில் லேசாக இடித்துவிட்டது, இப்போது என்ன செய்வது? கடலூர், புதுச்சேரி கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரியில். எட்டு வருடமாக ஒரே சின்னக் காரில் ஆல்பேட்டை பாலம் தாண்டி, முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம் என்று தினமும் போய்வருகிறேன். இந்த எட்டு வருடத்தில் என் பம்பர் நான்கு முறை அடி வாங்கியிருக்கிறது. இரண்டு முறை பின்னால் வந்த பைக். ஒரு முறை நானே ரிவர்ஸ் எடுத்துக் கருங்கல் தூணில் சாத்தினேன். இன்னொரு முறை இடித்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அதனாலோ என்னவோ, ஆபீசில் யார் வண்டி இடிபட்டாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஏர்பேக் வெடிக்காத, யாரும் ஆஸ்பத்திரியில் சேராத, நெரிசலிலும் பார்க்கிங்கிலும் நடக்கிற சின்ன இடிகளைப் பற்றி மட்டும்தான் இது.

இடித்த அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

வண்டியை நிறுத்தி ஹசார்டு லைட்டைப் போடுங்கள். இறங்கியதும் முதலில் எதிராளியைப் பாருங்கள், அப்புறம் பம்பரைப் பாருங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். "அடி பட்டுச்சா?" என்று கேட்க வேண்டிய வாய் "கண்ணு தெரியலையா?" என்று கேட்டுவிடுகிறது. அதற்கப்புறம் நடப்பது பஞ்சாயத்துதான்.

வண்டிகளை நகர்த்துவதற்கு முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். பத்தடி தள்ளி நின்று இரண்டு வண்டியும் ரோடும் தெரிகிற மாதிரி ஒன்று, இரண்டு நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி ஒன்று, இடிபட்ட இடத்தை நேராகவும் பக்கவாட்டிலும் கிட்டத்தில் இரண்டு. ஒரு நிமிட வேலை. அதற்கப்புறம் ஓரங்கட்டிவிடலாம். காலை ஒன்பது மணிக்கு மரப்பாலம் சிக்னலில் வண்டியை நடுரோட்டில் விட்டு நியாயம் பேசினால், நியாயம் யார் பக்கம் இருந்தாலும் திட்டு இரண்டு பேருக்கும் விழும்.

எதிராளியின் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

டூ-வீலர்காரர் விழுந்து எழுந்துவிட்டார். "ஒண்ணுமில்லண்ணே" என்கிறார். அப்படியே கிளம்பலாமா?

கிளம்பாதீர்கள். பதற்றத்தில் வலி தெரியாது. முழங்கை, முட்டி, தலை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஓரமாக உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். தலையில் பட்டிருந்தால், தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் பேச்சே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை. அந்த இடத்தில் போலீஸ் இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆளுக்கு அடிபட்டிருந்தால் ஐந்நூறு ரூபாயைக் கையில் திணித்துவிட்டுப் போகிற கதை வேண்டாம். சாயங்காலமே அவர் வீட்டார் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால், இடித்துவிட்டு நிற்காமல் போன ஆள் என்றுதான் உங்கள் பெயர் பதிவாகும்.

எந்த ஸ்டேஷனுக்குப் போவது? இந்த ரோட்டில் எது தமிழ்நாடு, எது பாண்டி என்றே தெரியவில்லையே?

நியாயமான குழப்பம்தான். உங்கள் வண்டி டிஎன்-31 ஆக இருக்கட்டும், பிஒய்-01 ஆக இருக்கட்டும், அது முக்கியமில்லை. இடி நடந்த இடம் யார் எல்லையில் இருக்கிறதோ அவர்கள்தான் பார்ப்பார்கள். கடலூரிலிருந்து வந்தால் முள்ளோடையில் புதுச்சேரி தொடங்கிவிடும். அங்கிருந்து நகரம்வரை கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று புதுச்சேரி ஸ்டேஷன்கள் வரிசையாக இருக்கின்றன. வடக்கே முத்தியால்பேட்டை தாண்டியதும் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது விழுப்புரம் மாவட்டம். விழுப்புரம் ரோடுதான் பெரிய வேடிக்கை. வில்லியனூர் புதுச்சேரி, அடுத்து கண்டமங்கலம் தமிழ்நாடு, அதற்கடுத்து திருபுவனை மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோட்டில் நாம் இன்னமும் ஸ்டேஷன் தேடிக்கொண்டிருக்கிறோம்.

எது என்று குழப்பமாக இருந்தால் 112க்குப் போன் போட்டு இடத்தைச் சொல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் கீறல், இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் நடைமுறையில் யாரும் ஸ்டேஷன்வரை போவதில்லை. ஆனால் எதிராளி மிரட்டினாலோ, குடித்திருந்தாலோ, வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லை என்றாலோ புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் இதை சிஎஸ்ஆர் ரசீது என்பார்கள்.

அங்கேயே பணம் பேசி முடித்துக்கொள்ளலாமா?

ஆளுக்குக் காயம் இல்லை, சேதமும் சிறியது என்றால் முடித்துக்கொள்ளலாம். ஆனால் ரோட்டில் நின்றுகொண்டு தொகை பேசாதீர்கள். இடித்தவருக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாது, இடிபட்டவருக்கும் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்தான் "மூவாயிரம் கேளுங்க சார்" என்று விலை வைப்பார். போன் நம்பர் வாங்கிக்கொண்டு, பட்டறையில் காட்டி, எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். பணம் ஜிபேயில் போனால் தேதியும் தொகையும் தானாகப் பதிவாகிவிடும். "இன்ன தேதி நடந்த இடிக்கு இவ்வளவு பெற்றுக்கொண்டேன், மேற்கொண்டு கோரிக்கை இல்லை" என்று ஒரு வரி மெசேஜ் வாங்கிக்கொண்டால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். உங்கள் இன்சூரன்ஸில் கிளெய்ம் போடும் எண்ணம் துளி இருந்தாலும் "தப்பு என்னுடையது, செலவை நான் தருகிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது என்று பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது. மன்னிப்புக் கேட்பது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு.

வெளியே ஒரு கீறல்தான் தெரிகிறது. உள்ளே ஏதாவது ஆகியிருக்குமா?

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பவர்கள்தான் குறைவு.

நாம் பம்பர் என்று தொட்டுப் பார்ப்பது உண்மையில் ஒரு பிளாஸ்டிக் தோல். அதன் பின்னால் சில கார்களில் தெர்மாகோல் மாதிரி ஒரு நுரைக்கட்டி இருக்கும். அதற்கும் பின்னால் ஒரு இரும்புக் குறுக்குச்சட்டம். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் பின்பக்கம் அந்தச் சட்டமே இருக்காது, தோலுக்கு அடுத்தது டிக்கித் தகடுதான். பிளாஸ்டிக் தோல் அடி வாங்கியதும் உள்ளே அமுங்கும், பிறகு தானே வெளியே வந்து பழையபடி நின்றுகொள்ளும். பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். உள்ளே சட்டம் வளைந்திருக்கலாம், பிராக்கெட் உடைந்திருக்கலாம்.

பம்பர் எவ்வளவு தாங்கும் என்று பலருக்கு ஒரு மிகையான நம்பிக்கை இருக்கிறது. ஐநாவின் 42ஆம் எண் வாகன விதி பம்பருக்கு வைக்கும் சோதனையில் நேர் மோதலின் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர், மூலைக்கு 2.5. நாம் நடந்துபோகிற வேகம்தான் அது. சிக்னலில் பிரேக் விட்டு நழுவிப்போய் முட்டுவதற்கு அது சரி. இருபதில் வந்து முட்டினால் தோலைத் தாண்டி அடி உள்ளே போகத்தான் செய்யும்.

வீட்டு வாசலிலேயே நீங்கள் பார்க்கக்கூடியவை இவை. பம்பரும் ஃபெண்டரும் (சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடு) சேர்கிற கோட்டில் இடது பக்க இடைவெளியையும் வலது பக்க இடைவெளியையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் விரல் நுனி நுழைந்தால் பக்கவாட்டுப் பிராக்கெட்டோ கிளிப்போ போயிருக்கிறது. பானட், டிக்கி இரண்டையும் திறந்து மூடுங்கள். முன்பு சாத்தியது போலச் சாத்தவில்லை, தூக்கி அடிக்க வேண்டியிருக்கிறது என்றால் லாக் இருக்கும் தகடு நகர்ந்திருக்கிறது. முன்பக்க இடி என்றால் பம்பருக்குப் பின்னால் ஏசி கண்டென்சர், அதையொட்டி ரேடியேட்டர், ஹாரன் எல்லாம் நெருக்கியடித்து இருக்கும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் பச்சையோ இளஞ்சிவப்போ வழவழப்பான ஈரம் இருந்தால் அது கூலண்ட். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசித் தண்ணீராக இருக்கும்.

பின்பக்க இடி என்றால் டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். தகடு நெளிந்திருந்தால் அங்கே தெரியும். சிஎன்ஜி கார் என்றால் சிலிண்டர் தாங்கிகளை ஆள் வைத்துப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். ரிவர்ஸ் சென்சார்களையும் சோதித்துவிடுங்கள். ஒரு சென்சார் அரை அங்குலம் உள்ளே போயிருந்தாலே விடாமல் கத்தும், அல்லது கத்தவே கத்தாது.

என்னுடைய முதல் இடியில் வெளியே ஒரு கறுப்புக் கோடுதான். துடைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். மூன்று மாதம் கழித்து வேறு வேலைக்காகப் பம்பரைக் கழற்றியபோது உள்ளே சட்டம் ஒரு பக்கம் வளைந்து, வளைந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து துருப்பிடித்திருந்தது. நம் ஊர்க் கடல்காற்றுக்கு மூன்று மாதம் தாராளம்.

பம்பர் தொங்குகிறது. வீடுவரை ஓட்டலாமா?

டயரில் உரசவில்லை, கீழே எதுவும் ஒழுகவில்லை, பின் விளக்கும் இண்டிகேட்டரும் எரிகின்றன என்றால் மெதுவாக ஓட்டலாம். தொங்கும் பக்கத்தை நைலான் டேக் போட்டுக் கட்டுங்கள். துணிக்கயிறு வழியில் அவிழ்ந்துவிடும். செல்லோடேப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டேக் இல்லை என்றால் பக்கத்துப் பஞ்சர் கடையில் கேளுங்கள், நிச்சயம் இருக்கும்.

இன்சூரன்ஸில் கிளெய்ம் போடுவது லாபமா?

பெரும்பாலான சின்ன இடிகளுக்கு நஷ்டம் என்பது என் கணக்கு. நம்பாதவர்களுக்காகக் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் உதாரணத்துக்கு, உங்கள் பாலிசித் தாளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளெய்ம் இல்லாமல் ஓட்டிய வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் உண்டு. ஒரு வருடம் என்றால் 20 சதவீதம், இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. இந்தத் தள்ளுபடி பிரீமியத்தில் நம் வண்டிக்கான சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்தான், மற்றவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான மூன்றாம் நபர் பகுதிக்குக் கிடையாது. ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் அடுத்த வருடம் போனஸ் பூஜ்யம்.

தள்ளுபடிக்கு முன் உங்கள் சொந்தச் சேத பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீத போனஸில் 4,000 கட்டுகிறீர்கள். கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 8,000. அதற்கடுத்த வருடங்களில் 6,400, 6,000, 5,200, 4,400 என்று இறங்கிப் பழையபடி 4,000க்கு வருவீர்கள். கூடுதலாகக் கட்டியது 4,000, 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் சரியாக 10,000. இதற்கு மேல் ஜிஎஸ்டி வேறு.

இப்போது வரவைப் பார்ப்போம். புதுப் பம்பர் 5,000, பெயிண்டிங் 4,000, கழற்றி மாட்டும் கூலி 1,500, மொத்தம் 10,500 என்று பில் வருகிறது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், 2,500 போயிற்று. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்டின் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதி கழிப்பார்கள்; 500 போயிற்று. அதற்கப்புறம் கட்டாயமாக நம் கையிலிருந்து போடும் தொகை, 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000, அதற்கு மேல் 2,000. சின்னக் கார் என்றால் கடைசியில் கைக்கு வருவது 6,500.

ஆறாயிரத்து ஐந்நூறை வாங்கப் பத்தாயிரத்தை விடுகிறோம். போனஸ் 50இல் இருப்பவருக்குத்தான் இந்த அடி. போன வருடம்தான் கிளெய்ம் போட்டவருக்கு இழக்கப் பெரிதாக எதுவும் இல்லை, அவர் கணக்கு வேறு. ஹெட்லைட், கண்டென்சர், ரேடியேட்டர் வரை போயிருந்தாலும் யோசிக்காமல் கிளெய்ம் போடலாம்.

நான் "பம்பர் டு பம்பர்" எடுத்திருக்கிறேன். அப்போதும் நஷ்டமா?

அந்தப் பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் நிறைய. பம்பர் டு பம்பர் என்றால் தேய்மானம் கழிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மேலே சொன்ன உதாரணத்தில் 3,000 மிச்சம், கைக்கு 9,500 வரும். போனஸ் போவது போகத்தான் செய்யும். போனஸைக் காப்பாற்ற வேறொரு கூடுதல் சேர்க்கை உண்டு, அதற்குத் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். பம்பர் டு பம்பரில் வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்று வரம்பு வைக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. பாலிசித் தாளில் பாருங்கள்.

இது கட்டாயமாமே என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு ஐந்து வருட பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று உத்தரவு போட்டது உண்மை. அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. முதல் செய்தி பரவிய வேகத்தில் இரண்டாவது பரவவில்லை.

தப்பு முழுக்க அவர் மேல். அவருடைய இன்சூரன்ஸில் வாங்க முடியாதா?

சட்டப்படி முடியும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இருப்பதே அதற்குத்தான். தனியார் கார் பாலிசியில் மற்றவர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை வழி இருக்கிறது. ஆனால் அதற்கு எஃப்ஐஆர் வேண்டும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும், வாய்தாவுக்கு அலைய வேண்டும். ஒரு பம்பருக்காக அங்கே போனவரை நான் பார்த்ததில்லை. எதிராளி நேரில் செலவைக் கொடுத்தால் சரி. இல்லையென்றால் நம் கையிலிருந்தோ நம் பாலிசியிலிருந்தோதான். கடுப்பாகத்தான் இருக்கும்.

கிளெய்ம் போடுவதென்று முடிவு செய்துவிட்டேன். எதில் தடுக்கி விழுவேன்?

தாமதத்தில். அன்றே இல்லையென்றால் மறுநாள் தகவல் கொடுத்துவிடுங்கள். சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்றாதீர்கள், ஒட்டாதீர்கள். சின்னச் சேதத்துக்குச் சில கம்பெனிகள் செயலியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லி அதிலேயே முடித்துவிடுகின்றன. ஆர்சி, லைசென்ஸ், பாலிசி, எஸ்டிமேட், கிளெய்ம் படிவம் இவ்வளவுதான் தேவை. கேஷ்லெஸ் வேண்டுமானால் கம்பெனிப் பட்டியலில் உள்ள சர்வீஸ் சென்டருக்குத்தான் வண்டி போக வேண்டும். மற்ற இடத்தில் செய்தால் நீங்கள் கட்டிவிட்டுப் பில்லைக் கொடுத்து வாங்க வேண்டும்.

ஓட்டியவர் யார் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியதை அண்ணன் ஓட்டியதாக எழுதுவது பொய் கிளெய்ம். அப்புறம், புதுச்சேரி என்பதால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் போனால் 185ஆம் பிரிவில் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சனிக்கிழமை ராத்திரி ஈசிஆரில் திரும்புகிறவர்கள் கவனிக்க.

போன வருடக் கீறலையும் இதோடு சேர்த்து வாங்கிவிடலாமா?

சர்வேயர்கள் நம்மைவிட அதிகம் பம்பர் பார்த்தவர்கள். பழைய கீறலில் அழுக்கு ஏறியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். வெவ்வேறு சம்பவம் என்றால் வெவ்வேறு கிளெய்ம், ஒவ்வொன்றுக்கும் கட்டாயத் தொகை தனித்தனியாகக் கழியும்.

ஷோரூமா, பட்டறையா?

கிளெய்ம் என்றால் ஷோரூம். கைக்காசு என்றால் நான் பட்டறைதான். ஷோரூமில் உடைந்த பம்பரைச் சரிசெய்வது பற்றிப் பெரும்பாலும் பேசவே மாட்டார்கள், "மாத்திடலாம் சார்" என்பதுதான் முதல் வாக்கியம். பட்டறைக்காரர் முதலில் உள்ளே கையை விட்டுப் பார்ப்பார். என் இரண்டாவது இடிக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் புதுப் பம்பர் என்று எஸ்டிமேட் போட்டார்கள். பட்டறையில் பார்த்தால் உடைந்தது பக்கவாட்டுப் பிராக்கெட் மட்டும். பிராக்கெட், நான்கு கிளிப், கீறலுக்கு டச்-அப், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாயில் முடிந்தது.

பட்டறைக்குப் போகிறவர்கள் மூன்று விஷயத்தைப் பேசிக்கொள்ளுங்கள். பம்பரைக் கழற்றிப் பெயிண்ட் அடிப்பார்களா, மாட்டியபடியே பேப்பர் ஒட்டி அடிப்பார்களா? கழற்றித்தான் அடிக்க வேண்டும். தூசி வராத பெயிண்ட் பூத் இருக்கிறதா? விலை ஒரு பேனலுக்கு எவ்வளவு, அதில் கிளியர் கோட் சேர்த்தியா? வெயிலில் நிறுத்தி வைத்துத் திறந்தவெளியில் அடித்தால் கொசு ஒன்று பெயிண்டோடு உறைந்து நிரந்தரமாகக் குடியிருக்கும். என் காரில் இருக்கிறது.

கிழிந்த பம்பரை ஒட்ட முடியுமா? ஒட்டினால் நிற்குமா?

பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரோப்பிலீன் வகை பிளாஸ்டிக். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிபி என்ற எழுத்தும், கூடவே ஈபிடிஎம், டி20 என்றெல்லாமும் அச்சிட்டிருக்கும். ஈபிடிஎம் என்றால் ரப்பர் கலந்தது, டி20 என்றால் இருபது சதவீதம் டால்க் கலந்தது. இந்தப் பிளாஸ்டிக்கில் ஃபெவிக்விக் நிற்காது, எம்சீலும் நிற்காது. நாலு நாளில் பொரிந்து விழும். அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டு வைக்க வேண்டும். உள்பக்கம் சூடான ஸ்டேப்பிள் பின் பதித்து, அதன்மேல் வெல்டு வைத்தால் இன்னும் பலம். வெளியே தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர் அடித்து, பள்ளத்தை நிரப்ப வளையும் தன்மையுள்ள பட்டியை மெல்லியதாகப் போட்டுப் பெயிண்ட். தகட்டுக்குப் போடும் பட்டியைப் பம்பரில் போட்டால் அடுத்த சின்ன அழுத்தத்திலேயே வெடித்துவிடும்.

பெயிண்ட் பகுதியில் ஒரு சாண் அளவு கிழிசல்வரை தைரியமாக வெல்டு வைக்கலாம். மாட்டும் காதுகள் இரண்டு மூன்று உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ராடார் வைத்துத் தானே பிரேக் பிடிக்கும் புது மாடல் கார் என்றால், ராடாருக்கு முன்னால் இருக்கும் பகுதியில் பட்டியோ தடித்த பெயிண்டோ கூடவே கூடாது. அங்கே அடி என்றால் நேராகக் கம்பெனி சர்வீஸ்தான்.

அமுங்கிய இடத்தில் வெந்நீர் ஊற்றினால் சரியாகுமாமே?

பிளாஸ்டிக் பம்பருக்கு ஓரளவு உண்மை. பெயிண்ட் வெடிக்காத, விளிம்பு மடங்காத வட்டமான அமுங்கலுக்கு நன்றாக வேலை செய்யும். கொதிக்கும் தண்ணீரை மெதுவாக ஊற்றி, பிளாஸ்டிக் இளகியதும் கையுறை போட்டு உள்பக்கமிருந்து தள்ளி, உடனே பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். தகட்டில் இந்த வித்தை பலிக்காது. கறுப்புக் கோடும் எதிர்வண்டிப் பெயிண்டும் ஒட்டியிருந்தால் ரப்பிங் காம்பவுண்ட் கொஞ்சம் போதும். தின்னர் வேண்டாம். நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற கீறல் பாலிஷில் போகாது.

கலர் ஒத்துவருமா?

சாதா வெள்ளை பரவாயில்லை. சில்வரும் மெட்டாலிக் சாம்பலும்தான் காட்டிக் கொடுக்கும். உங்கள் கலரின் குறியீடு கதவுத் தூணிலோ பானட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கலக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஆறேழு வருடம் வெயில் பட்ட காரில் நூல் அளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். வண்டியை எடுக்கும்போது டியூப் லைட்டில் பார்க்காதீர்கள், வெளியே வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.

அதே கலர் பம்பர் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கிறது என்பார்கள். கிடைக்கும். மாட்டும் காதுகள் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் அடிக்கலாமா?

சூடேற்றும் பூத் இருந்தால் அடிக்கலாம். இல்லையென்றால் தை பிறக்கட்டும். ஈரக் காற்றில் அடித்த பெயிண்ட் வெளுத்துப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். பிளாஸ்டிக் பம்பர் துருப்பிடிக்காது, காத்திருக்கலாம். ஆனால் ஃபெண்டர் ஓரத்திலோ டிக்கித் தகட்டிலோ பெயிண்ட் போயிருந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே கொஞ்சம் ப்ரைமராவது தொட்டு வையுங்கள்.

நம்பர் பிளேட் மடங்கிவிட்டது.

லேசான வளைவு என்றால் கையால் நிமிர்த்துங்கள். எழுத்து சிதைந்தாலோ உடைந்தாலோ உயர்பாதுகாப்பு பிளேட்டுக்கு மாற்று பிளேட்தான், அங்கீகாரம் பெற்ற வழியில் பதிவு செய்து வாங்க வேண்டும். ஸ்டிக்கர் கடையில் அதே மாதிரி செய்து மாட்டினால் செல்லாது.

இனிமேல் அடி படாமல் இருக்கப் பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு (கார்டு) போட்டுவிடலாமா?

வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கார்டுகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு அது விரோதம். அதைவிட முக்கியம், பிளாஸ்டிக் தோல் அமுங்கித் தாங்க வேண்டிய அடியைக் கம்பி நேராகச் சேசிஸுக்குக் கொண்டுபோகும். எதிரே வருகிறவர் சைக்கிளில் வந்தால் அவர் எலும்புக்குக் கொண்டுபோகும்.

கம்பெனி கிளெய்மை இழுத்தடிக்கிறது. யாரிடம் சொல்வது?

முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில். அங்கே தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளம் இருக்கிறது, 155255 என்ற எண்ணிலும் பேசலாம். ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை அலுவலகம்தான். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவிட்டால்?

கிளிப்பும் பிராக்கெட்டும் சரியாக இருந்து, கீறல் பிளாஸ்டிக்கில் மட்டும் என்றால் தாராளமாக விடலாம். கிளிப் போயிருந்தால் மட்டும் விடாதீர்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் மழைத் தண்ணீரில் ஓட்டியபோது எனக்கு முன்னால் போன காரில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பம்பர் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு, நம்பர் பிளேட்டோடு தண்ணீருக்குள் இழுபட்டதைப் பார்த்தேன். முப்பது நாற்பது ரூபாய்க் கிளிப்பில் முடிந்திருக்க வேண்டியது.

என் காரில் அந்தக் கருங்கல் தூண் போட்ட கீறல் இன்னும் இருக்கிறது. உள்ளே கழற்றிப் பார்த்தாயிற்று, எல்லாம் நன்றாக இருக்கிறது. பெயிண்ட் அடிக்கலாமா என்று வருடா வருடம் யோசிப்பேன். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேறு யாராவது இடிப்பார்கள், அப்போது சேர்த்து அடித்துக்கொள்ளலாம் என்று மனைவி சொல்கிறாள்.